தாய்மாமன், மருமகன், காடு

2024 பிப்ரவரி 21ஆம் தேதி தாயிப் மாமுட் இறந்த செய்தி வந்தபோது மிரியில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு வாட்ஸாப்பில் தட்டிவிட்டேன். "எப்படி இருக்கு அங்க?" அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "எப்படின்னா? நான் பள்ளிக்கூடம் போனப்போ அவர்தான். கல்யாணம் கட்டினப்போ அவர்தான். என் மகன் கல்லூரிக்குப் போறப்பவும் ஏதோ ஒரு நாற்காலியில அவர்தான் இருந்தார். என்ன சொல்றதுன்னு தெரியல."

கணக்கு சரிதான். 1981 மார்ச்சிலிருந்து 2014 பிப்ரவரி வரை 33 ஆண்டுகள் சரவாக்கின் முதலமைச்சர். அதன்பிறகு 2024 ஜனவரி வரை ஆளுநர். அதற்கு முன்னால் 1970லிருந்து முதலமைச்சராக இருந்தவர் அவருடைய அம்மாவின் தம்பி. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு மாநிலத்தின் உச்சிப் பதவிகளில் ஏதாவது ஒன்று அந்த வீட்டில் இருந்திருக்கிறது.

தீபகற்பத்தில் வாழும் நமக்கு இது ஏதோ அயல்நாட்டுக் கதை போல. சரவாக் என்றால் லக்சா, முலு குகை, விமானத்தில் போனால் பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ காட்ட வேண்டும் என்பது, இவ்வளவுதான். தமிழர் வரலாறு தேடுபவர்கள் மாத்தாங் மலைக்குப் போய், புரூக் காலத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த கூலிகள் விட்டுச்சென்ற மாரியம்மன் கோயிலைப் படமெடுத்து வருவார்கள். அதோடு சரி. ஆனால் நம்முடைய அரசியலில் நடந்த சில கூத்துகளுக்கு முதல் ஒத்திகை அங்கேதான் நடந்தது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சரவாக் வரலாறுகளில் 'அங்கிள்', 'நெப்யூ' என்ற இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். வாசித்துக்கொண்டே போகலாம், ஒன்றும் தோன்றாது. தமிழில் யோசித்தால்தான் பிடிபடுகிறது. தாய்மாமன், அக்கா மகன். நம் வீடுகளில் இந்த உறவுக்கு என்ன உரிமை, என்ன கோபம், என்ன சீர் என்பது எல்லோருக்கும் தெரியும். சரவாக்கின் அதிகாரம் இந்த உறவுக்குள் ஒருமுறை அல்ல, இரண்டுமுறை கைமாறியிருக்கிறது.

முதல்முறை வெள்ளைக்காரன் வீட்டில். 1841இல் சரவாக்கின் ராஜாவான ஜேம்ஸ் புரூக்குக்கு மனைவி கிடையாது. வாரிசாக அவர் முதலில் வைத்திருந்தது சகோதரியின் மூத்த மகனை. மாமன் இங்கிலாந்தில் இருந்துகொண்டு நாட்டை வேறொரு அரசிடம் ஒப்படைக்கப் பேரம் பேசுகிறார் என்று மருமகன் எதிர்த்து நின்றார். மாமன் கப்பலேறி வந்து, 1863இல் அவருடைய வாரிசுரிமையைப் பிடுங்கினார். அடுத்த மருமகன் சார்ல்ஸ், ஜான்சன் என்ற அப்பாவின் குடும்பப் பெயரைக் கழற்றிவிட்டு புரூக் என்று வைத்துக்கொண்டவர், 1868இல் இரண்டாவது ராஜாவானார். ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆண்டார். அவர் மகன் வைனருக்கு மூன்று பெண்கள், ஆண் வாரிசு இல்லை. தம்பி மகன் ஆந்தனியை இளவரசராக நியமித்தார், நீக்கினார், மறுபடி நியமித்தார், மறுபடி நீக்கினார். 1946இல் நாட்டை பிரிட்டிஷ் அரசிடம் பெரியப்பா ஒப்படைத்தபோது, அதை எதிர்த்த தம்பி மகனுக்கு சரவாக்கில் கால் வைக்கவே தடை.

இந்த ஒப்படைப்பு மலாய்க்காரர்களை வீட்டுக்கு வீடு பிளந்தது. அரசாங்க ஊழியர்கள் எதிர்ப்பில் கலந்துகொள்ளக் கூடாது என்று சுற்றறிக்கை வந்ததும் 338 பேர் வேலையை விட்டார்கள். அவர்களில் நிறைய பேர் ஆசிரியர்கள். 1949 டிசம்பரில் சிபுவில் ஆளுநர் டங்கன் ஸ்டூவர்ட்டைக் கத்தியால் குத்திய ரோஸ்லி டோபி என்ற இளைஞன் அடுத்த மார்ச்சில் தூக்கிலிடப்பட்டான். இன்று அவன் சரவாக்கின் தியாகி. அன்று பல குடும்பங்களில் அவன் பெயரை உரக்கச் சொல்ல மாட்டார்கள்.

குச்சிங்கில் 'அபாங்' என்ற பட்டப்பெயர் கொண்ட மலாய் உயர்குடி ஒன்று உண்டு. ராஜாக்களின் காலத்தில் டத்து பட்டங்களும் நிர்வாகப் பதவிகளும் அவர்களுக்குத்தான் போகும். 1960இல் கட்சிகள் முளைத்தபோது அந்த வட்டாரத்திலிருந்து பிறந்தது பனாஸ். அடுத்த ஆண்டு வந்த பர்ஜாசா வேறு ரகம். ஒப்படைப்பை எதிர்த்தவர்கள், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர்கள், குச்சிங் டத்துகளுக்குக் கைகட்டி நிற்கப் பிடிக்காதவர்கள். அதில் இருந்த இரண்டு வழக்கறிஞர்கள்தான் பிந்துலுவில் பிறந்த அப்துல் ரஹ்மான் யாக்கூப்பும், அவர் அக்கா மகன் தாயிப்பும். மாமன் சவுத்தாம்ப்டனில் படித்தவர். மருமகன் கொழும்புத் திட்ட உதவித்தொகையில் அடிலெய்டில் படித்தவர். இருவருமே மெலனாவ். மாநில மக்கள்தொகையில் நூற்றுக்கு ஐந்தாறு பேர் மட்டுமே இருக்கும், கடலோரத்தில் சாகோ மரத்தை நம்பி வாழ்ந்த சிறிய இனம்.

1963 செப்டம்பரில் மலேசியா உருவானபோது முதலமைச்சர் ஒரு ஈபான், ஸ்டீபன் காலோங் நிங்கான். ஆளுநராக ஈபான்களின் பெருந்தலைவர் தெமெங்கோங் ஜூகா வருவதாக இருந்தது. முதலமைச்சரும் ஈபான், ஆளுநரும் ஈபான் என்றால் ஒப்புக்கொள்ள முடியாது என்றது கோலாலம்பூர். ஜூகா கூட்டரசு அமைச்சரானார். ஆளுநர் மாளிகைக்குப் போனவர் அபாங் ஒப்பேங். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிங்கான் கோலாலம்பூருக்குத் தலையாட்டுகிற ஆள் இல்லை. ஆங்கிலத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார், வெள்ளைக்கார அதிகாரிகளை அவசரமாக அனுப்ப மாட்டேன் என்றார். 1966 ஜூனில் தன் அமைச்சரவையில் சதி செய்கிறார் என்று ஒருவரைப் பதவி நீக்கினார். அந்த அமைச்சர் தாயிப் மாமுட், அப்போது வயது 30. அடுத்து நடந்ததுதான் முக்கியம். சட்டமன்ற உறுப்பினர்கள் 21 பேர் முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளுநர் ஒப்பேங் நிங்கானைப் பதவி விலகச் சொன்னார். அவர் மறுக்க, நீக்கினார். நிங்கான் நீதிமன்றம் போனார். மன்றத்தில் வாக்கெடுப்பு நடக்காமல் கடிதத்தை வைத்து முதலமைச்சரை நீக்க முடியாது என்று செப்டம்பர் 7ஆம் தேதி குச்சிங் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிங்கான் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து ஒரு வாரம் ஆகவில்லை, சரவாக்கில் அவசரநிலை. அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, மன்றம் கூட்டப்பட்டு, முறைப்படி வாக்கெடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இடத்தை நிரப்ப இன்னொரு ஈபான் தாவி ஸ்லி கொண்டுவரப்பட்டார்.

பேராக் நினைவுக்கு வருகிறதா? 2009இல் நிசார் ஆட்சி கவிழ்ந்தபோது, சபாநாயகர் சிவகுமார் நாற்காலியோடு இழுத்துச் செல்லப்பட்டபோது, வழக்கறிஞர்கள் கையில் வைத்திருந்தது இந்த நிங்கான் தீர்ப்பைத்தான். உயர்நீதிமன்றம் அதன்படி நிசார் பக்கம் நின்றது. 2010 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் வேறு வழிகளிலும் நம்பிக்கை இழப்பை அறியலாம் என்று முடித்துவைத்தது. நாமெல்லாம் டிவியில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். சரவாக்கியர்களுக்கு அது பழைய படம்.

1969 மே கலவரத்தால் நின்றுபோன மாநிலத் தேர்தல் 1970இல் தொடர்ந்தது. மக்கள் நேரடியாகச் சட்டமன்றத்துக்கு வாக்களித்த முதல் தேர்தல். 48 இடங்களில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. மூன்று கட்சிகள் தலா 12. ஈபான் கட்சிகள் இரண்டும் சேர்ந்தால் ஒரு ஈபான் முதலமைச்சர் மீண்டும் வரலாம் என்ற நிலை. அவர்கள் யார் தலைமை என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், கோலாலம்பூரின் ஆசியோடு ரஹ்மான் யாக்கூப் சீனர் ஆதரவு அதிகமுள்ள எஸ்.யு.பி.பி.யைத் தன் பக்கம் இழுத்து ஜூலை 7ஆம் தேதி முதலமைச்சரானார். இடதுசாரிக் கட்சி என்று பெயரெடுத்திருந்த அது இவரோடு சேரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

நம் பெற்றோருக்கு ரஹ்மானைத் தெரிந்திருக்கும், வேறு காரணத்துக்காக. 1969இல் கூட்டரசுக் கல்வி அமைச்சராக இருந்தபோது, அடுத்த ஆண்டு முதலாம் வகுப்பிலிருந்து ஆங்கிலப் பள்ளிகளை மலாய்க்கு மாற்றும் அறிவிப்பைச் செய்தவர் அவர்தான். என் தலைமுறை மலாயில் படித்ததற்கு அந்த அறிவிப்பு ஒரு காரணம். அந்த மனிதரின் இன்னொரு பாதி வாழ்க்கை தென்சீனக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது என்பது எங்கள் வரலாற்றுப் பாடத்தில் வரவே இல்லை.

அந்தப் பாதி காட்டில் இருக்கிறது. மலேசியாவில் நிலமும் காடும் மாநில விவகாரம். எண்ணெய் வருமானத்தின் பெரும் பங்கு 1970களில் பெட்ரோனாஸ் வந்தபிறகு கூட்டரசுக்குப் போய்விட்டது. மாநிலத்தின் கையில் மிஞ்சியது மரம். ஒரு காட்டில் பலாக் வெட்டும் உரிமத்தை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு ஏலம் கிடையாது. முதலமைச்சரின் கையெழுத்து போதும். உரிமம் பெறுகிறவர் ஒரு மரத்தைக்கூட வெட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. சிபுவில் இருக்கும் ஒரு சீனக் கம்பெனியிடம் குத்தகைக்கு விட்டால் அவர்கள் எந்திரம் இறக்கி வெட்டுவார்கள், டன்னுக்கு இவ்வளவு என்று உரிமக்காரருக்கு வந்துவிடும். கட்சிக்காரனை விசுவாசமாக வைத்துக்கொள்ள இதைவிட எளிய வழி எந்த நாட்டிலும் இருந்திருக்காது. தேர்தல் செலவு, ஹெலிகாப்டர், நெடுவீட்டுக்கு ஜெனரேட்டர், எல்லாம் இதிலிருந்துதான். தாத்தா காலத்துக் காட்டில் வெட்டிய மரத்தின் பணத்தில் வாங்கிய ஜெனரேட்டருக்கு நன்றி சொல்லி அந்த நெடுவீடே வாக்களிக்கும்.

1981இல் ரஹ்மான் மருமகனிடம் முதலமைச்சர் பதவியைக் கொடுத்துவிட்டு ஆளுநரானார். அவர் மனதில் இருந்த ஏற்பாடு நமக்குப் புரியாததல்ல. கடையை மருமகன் பார்த்துக்கொள்வான், கல்லாப்பெட்டிச் சாவி நம்மிடம். ஆனால் மருமகனுக்கு அப்போது வயது 44. கூட்டரசு அமைச்சராகப் பல வருடம் இருந்தவர். யாரைக் கேட்க வேண்டும் அவர்? இரண்டு மூன்று வருடங்களில் பேச்சு குறைந்தது. 1985இல் மாமன் ஆளுநர் மாளிகையை விட்டு வெளியே வந்தபோது இரண்டு முகாம்கள் தயாராக இருந்தன.

1987 மார்ச் 9ஆம் தேதி வாக்கில் நான்கு அமைச்சர்கள் பதவி விலகினார்கள். 48 சட்டமன்ற உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் இருந்த மிங் கோர்ட் ஹோட்டலில் கூடி, தாயிப் விலக வேண்டும் என்று கடிதம் எழுதினார்கள். பின்னால் இருந்தவர் ரஹ்மான். கூட நின்றவர்கள் ஈபான் தலைவர் லியோ மோகியின் பி.பி.டி.எஸ். கட்சியினர். 2020 பிப்ரவரியில் ஷெரட்டன் ஹோட்டல் என்று நாம் பரபரத்தோமே, அதற்கு 33 வருடம் முந்தைய ஹோட்டல் இது. 1966இல் கடிதத்தின் பயனாளிகளில் ஒருவராக இருந்த தாயிப், இந்தமுறை கடிதம் எழுதப்பட்ட ஆள். பழைய தீர்ப்பு அவருக்கு மனப்பாடமாக இருந்திருக்கும். அவர் பதவி விலகவில்லை. சட்டமன்றத்தைக் கலைத்துவிட்டார்.

பிறகு நடந்த பிரச்சாரம் சரவாக் மக்களுக்குக் கிடைத்த ஒரு அபூர்வமான பாடம். ரஹ்மானின் உறவினர்களும் நண்பர்களும் வைத்திருந்த 25 உரிமங்களை முடக்குவதாகத் தாயிப் அறிவித்தார். மொத்தம் 12.5 லட்சம் ஹெக்டர். பதிலுக்கு ரஹ்மான், மருமகனைச் சார்ந்தவர்களிடம் இருக்கும் காடுகளின் பட்டியலை வெளியிட்டார். அது 16 லட்சம் ஹெக்டர். இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். 28,500 சதுர கிலோமீட்டர். முழுப் பேராக் மாநிலமே 21,000தான். சரவாக் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, ஒரு குடும்பத்தின் இரண்டு கிளைகளையும் அவற்றின் நண்பர்களையும் சுற்றி இருந்தது என்று அந்தக் குடும்பமே பத்திரிகைகள் மூலம் ஊருக்குச் சொன்னது. எந்த எதிர்க்கட்சியும் எந்தச் சுற்றுச்சூழல் இயக்கமும் அதுவரை வெளிக்கொணராத கணக்கு இது. வீட்டுச் சண்டை தெருவுக்கு வந்தால்தான் பெட்டியில் என்ன இருந்தது என்பது தெரியும்.

அதே மார்ச் மாதக் கடைசியில் பாராம் மேற்பகுதியில் பெனான் மக்கள் பலாக் சாலைகளில் மூங்கிலையும் மரக்கிளைகளையும் கட்டி மறித்து, அதன் பின்னால் குழந்தைகளோடு உட்கார்ந்தார்கள். ஹோட்டலுக்கும் அந்தத் தடுப்புக்கும் யாரும் பேசிவைத்த தொடர்பு இல்லை. ஆனால் பட்டியல்களில் வெறும் ஹெக்டராக இருந்தது அவர்கள் பன்றி வேட்டையாடிய, சாகோ எடுத்த இடம்.

ஏப்ரல் 15, 16இல் தேர்தல். தேசிய முன்னணி 28, பி.பி.டி.எஸ். 15, ரஹ்மான் தரப்பின் பெர்மாஸ் 5. அடுத்த வாரம்தான் கோலாலம்பூரில் மகாதீருக்கும் ரசாலிக்கும் அம்னோ தேர்தல். மகாதீர் 43 வாக்கில் தப்பினார். அக்டோபரில் ஒப்பராசி லாலாங். அந்த வலையில் பெனான்களுக்குத் துணைநின்ற ஹாரிசன் ஙாவும் சிக்கினார். நவம்பரில் பலாக் சாலையை மறிப்பது குற்றம் என்று மாநிலக் காட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. ஆக, உண்மை வெளிவந்த அதே ஆண்டில்தான் அதைக் கேட்கும் வழிகளும் அடைக்கப்பட்டன.

ஏன் தாயிப் ஜெயித்தார்? காசு, கோலாலம்பூரின் ஆதரவு என்று சொல்வது எளிது, பொய்யும் அல்ல. ஆனால் எண்களைப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. மாமனுக்கு விழுந்தது ஐந்தே இடம். தாயக் அரசியல் பேசிய பி.பி.டி.எஸ்.ஸுக்குப் பதினைந்து. நெடுவீடுகளில் வாக்களித்தவர்கள் மாமனைக் காப்பாற்ற வாக்களிக்கவில்லை, தங்களுக்கென ஒரு முதலமைச்சர் வேண்டும் என்று வாக்களித்திருக்கிறார்கள். இரண்டு யானைகள் மோதிக்கொண்டதில் கொஞ்சம் வழி திறந்தது, அந்த வழியில் அவர்கள் புகுந்தார்கள். அது வேகமாக அடைக்கப்பட்டது. ஆட்கள் கட்சி தாவினார்கள். 1991 தேர்தலில் பி.பி.டி.எஸ். ஏழுக்கு இறங்கியது, பெர்மாஸ் இருந்த இடம் தெரியவில்லை. 1994இல் பி.பி.டி.எஸ். தேசிய முன்னணிக்கே திரும்பியது. ஒரே ஒரு ஆறுதல், 1990 பொதுத்தேர்தலில் சிறை மீண்ட ஹாரிசன் ஙாவ் சுயேச்சையாக நின்று பாராமில் ஒரு துணை அமைச்சரைத் தோற்கடித்தது. அதுவும் ஒரு தவணைதான்.

மாமன் மருமகன் சண்டை என்ன ஆனது? நம் வீடுகளில் ஆவதுதான். 2008 பொதுத்தேர்தலில் ரஹ்மானின் மகள் நோரா, தாயிப்பின் கட்சியிலேயே நின்று தஞ்சோங் மானிஸ் நாடாளுமன்ற உறுப்பினரானார். அதே தேர்தலில் தாயிப் தன் கோத்தா சமரஹான் தொகுதியை மகன் சுலைமானுக்கு விட்டுக்கொடுத்தார். 1987இல் எந்த நெடுவீட்டில் எந்த இரண்டு சகோதரர்கள் இவர்களுக்காகப் பேசாமல் போனார்களோ, அவர்கள் சமாதானம் ஆனார்களா என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இதை மெலனாவ் ஆதிக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முக்கா, டாலாட் பக்கத்துச் சாகோ விவசாயி இந்த 40 ஆண்டுகளில் கோடீஸ்வரன் ஆகவில்லை. ஈபான்களிலும் வாரிசுகள் உண்டு. ஜூகாவின் பேரன் நந்தா லிங்கி 1999லிருந்து காப்பிட் நாடாளுமன்ற உறுப்பினர், கூட்டரசு அமைச்சர். 40 ஆண்டுகள் துணை முதலமைச்சராக இருந்த ஆல்ஃபிரட் ஜாபு 2016இல் ஓய்வு பெற்றபோது லாயார் தொகுதியில் நின்று ஜெயித்தது அவர் மகன். இனம் என்பது வாசலில் தொங்கும் பலகை. உள்ளே போனால் எல்லா இனத்துக் குடும்பங்களும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகின்றன. தீபகற்பத்து மேசை மட்டும் வேறா என்ன? ஓன் ஜாஃபாரின் கொள்ளுப்பேரன் இன்று ஜொகூர் மந்திரி பெசார்.

தாயிப்பைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2011இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை தொடங்கியது. எந்த வழக்கும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. அவர் கடைசிவரை மறுத்தார். 2011 ஏப்ரல் தேர்தலில் நகரத்துச் சீன வாக்காளர்கள் அவர்மீதான கோபத்தைத் தெளிவாகக் காட்டினார்கள், ஜ.செ.க. 12 இடங்களைப் பிடித்தது. ஆனாலும் தேசிய முன்னணிக்கு 71இல் 55. உட்பகுதி அசையவில்லை. 2014இல், மாமன் 33 வருடம் முன்பு போன அதே வழியில், அவரும் ஆளுநர் மாளிகைக்குப் போனார். முதலமைச்சர் நாற்காலியை வாங்கியவர் அட்னான் சாத்தேம், ஒருகாலத்தில் தாயிப்பின் தங்கையை மணந்திருந்தவர். முன்னாள் மச்சான்! பலாக் கம்பெனிகளை வரவழைத்து நேர்மை உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார், ஜனங்களுக்குப் பிடித்துப்போனது, 2016இல் 82க்கு 72. எட்டு மாதத்தில் மாரடைப்பில் இறந்துபோனார்.

2017 ஜனவரி 13ஆம் தேதி பதவியேற்றவர் அபாங் ஜொஹாரி. 1981லிருந்து சட்டமன்றத்தில் இருப்பவர், 36 வருடம் பொறுமையாக வரிசையில் நின்றவர். அபாங் என்ற பட்டப்பெயர் சொல்வதுபோல, 1970இல் மெலனாவ் வழக்கறிஞர்கள் ஓரங்கட்டிய அதே குச்சிங் உயர்குடி. 2021 டிசம்பரில் அவருடைய கூட்டணி 82இல் 76 இடங்களை வென்றது.

சட்டம் படிக்கும் பிள்ளைகள் 1966 வழக்கின் பெயரை இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள்: ஸ்டீபன் காலோங் நிங்கான் எதிர் துன் அபாங் ஹாஜி ஒப்பேங். பிரதிவாதியின் கடைசி மகன்தான் இந்த ஜொஹாரி. வாதியின் இனத்திலிருந்து 1970க்குப் பிறகு சரவாக்குக்கு ஒரு முதலமைச்சர் வரவில்லை.